பள்ளி மாவட்டத்தை நடத்த யார் கற்றுக்கொடுப்பது?

கலிஃபோர்னியாவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித்தர அரசு உரிமம் வேண்டும். தலைமையாசிரியராக வேண்டுமானால் அதற்கு மேல் ஒரு நிர்வாக உரிமம், ஐந்து வருட அனுபவம் என்று பட்டியல் நீளும். ஆனால் இவர்கள் அத்தனை பேருக்கும் மேலே உட்கார்ந்து ஒரு மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளையும் நடத்தும் சூப்பரின்டெண்டென்ட் இருக்கிறாரே, அவருக்கு மட்டும் உரிமம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று உள்ளூர்ப் பள்ளி வாரியமே தீர்மானம் போட்டுக்கொள்ளலாம். மாநிலக் கல்விச் சட்டத்தின் 35029-ஆம் பிரிவு இதற்கு வழிவிடுகிறது.

லாஸ் ஏஞ்சலஸ் வாரியம் கல்வித் துறைக்கு வெளியே ஆள் தேடுவதில் தயங்கியதே இல்லை. 2000-ல் கொலராடோவின் முன்னாள் ஆளுநர் ராய் ரோமரைக் கொண்டுவந்தது. 2006-ல் கடற்படையில் வைஸ் அட்மிரலாக இருந்து ஓய்வுபெற்ற டேவிட் ப்ரூவர் வந்தார். 2018-ல் முதலீட்டு வங்கியாளராக இருந்த ஆஸ்டின் ப்யூட்னர். ரோமர் காலத்தில் புதுப் பள்ளிக் கட்டடங்கள் மளமளவென்று எழும்பின. ப்ரூவரை ஒப்பந்தம் முடிவதற்குள்ளாகவே ஏறக்குறைய அரை மில்லியன் டாலர் கொடுத்து அனுப்பிவைக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் இது படித்து, பழகி, படிப்படியாக ஏறி வரவேண்டிய தொழிலா, நிர்வாகம் தெரிந்த எவரும் செய்துவிடக்கூடிய வேலையா? நூறு வருடத்துக்கு மேலாக அமெரிக்கா இந்தக் கேள்விக்கு மாற்றி மாற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. பயிற்சி யார் கையில் இருந்ததோ அவர்களுக்கு வசதியான பதிலே அந்தந்தக் காலத்தில் செல்லுபடியானது என்பது என் கணிப்பு.

முதலில் பள்ளி மாவட்டம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கலெக்டர் இருக்கும் மாவட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பள்ளிகளை நடத்துவதற்கென்றே எல்லை வகுத்து, தனி வாரியம் வைத்து, பெரும்பாலும் சொத்துவரி வாங்கும் உரிமையோடு இயங்கும் உள்ளாட்சி அமைப்பு அது. 1940 வாக்கில் நாடு முழுக்க 1,17,000-க்கும் மேல் இருந்தன. இணைத்து இணைத்து இன்று 13,000 சொச்சமாகச் சுருங்கியிருக்கின்றன. ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம். டெக்ஸஸில் ஆயிரத்துக்கும் மேல். செலவில் பெரும்பகுதியை உள்ளூர் வரியும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கின்றன. வாஷிங்டனின் பங்கு வழக்கமாகப் பத்து சதவீதத்தை ஒட்டியே நிற்கும். வாரிய உறுப்பினர்கள் ஐந்து, ஏழு, ஒன்பது பேர், பெரும்பாலும் ஊர்க்காரர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். அவர்கள் மூன்று நான்கு வருட ஒப்பந்தத்தில் சூப்பரின்டெண்டென்ட்டை வேலைக்கு எடுக்கிறார்கள். (ஃப்ளோரிடா, அலபாமா ஆகிய மாநிலங்களின் சில மாவட்டங்களில் அந்தப் பதவிக்கே தேர்தல் உண்டு.) நம்மூர் முதன்மைக் கல்வி அலுவலர் துறையின் ஆள், மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டியைக் கட்டுவார். அங்கே இருப்பவரோ வாரியத்தின் ஆள். வாரியத்தில் இரண்டு பேர் மாறினால் அவர் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள்.

வேலையின் சுபாவம் தெரிய கலிஃபோர்னியாவில் ஒரு வாரியக் கூட்டத்தைக் கவனித்தால் போதும். 1953-ல் வந்த பிரவுன் சட்டப்படி கூட்டப் பொருள்களை 72 மணி நேரம் முன்பே பொதுவில் ஒட்டியாக வேண்டும். முதலில் கதவு சாத்திய கூட்டம்: வழக்குகள், பணியாளர் விவகாரம், சங்கப் பேச்சுவார்த்தை. அப்புறம் கதவைத் திறப்பார்கள். போட்டியில் ஜெயித்த பிள்ளைகளுக்குச் சான்றிதழ், பெற்றோர்கள் செல்ஃபோனில் படம், கைத்தட்டல். குழந்தைகள் வீட்டுக்குப் போனதும் கூடத்தின் முகமே மாறும். மூடப்போகும் பள்ளியின் பெற்றோர்கள் மைக் முன்னால் வரிசை கட்டுவார்கள். ஆளுக்கு இரண்டோ மூன்றோ நிமிடம். பச்சை விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, பேச்சு பாதியில் நிற்கும். வாரியத் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சூப்பரின்டெண்டென்ட் அத்தனையையும் முகம் சுளிக்காமல் கேட்டாக வேண்டும். பள்ளியை மூடலாம் என்ற பரிந்துரையே அவர் கையெழுத்தில் வந்ததுதான். நடுவில் பேருந்து ஒப்பந்தம், மதிய உணவு, கூரை பழுது என நாற்பது ஐம்பது விஷயங்கள் விவாதமே இல்லாமல் ஒரே ஓட்டில் நிறைவேறிவிடும். அந்தப் பட்டியலில் ஒரு வரி தப்பாக இருந்தாலும் மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் உருளும் தலை அவருடையது. பனி கொட்டும் மாநிலங்களில் இன்னொரு வேலையும் உண்டு: விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சாலையைப் பார்த்து, இன்று பள்ளி உண்டா இல்லையா என்று முடிவு சொல்வது.

இதையெல்லாம் எந்த வகுப்பில் சொல்லித்தருவது?

பஃபலோ நகரமும் லூயிவில்லும் 1837-ல் முதல் நகரப் பள்ளி சூப்பரின்டெண்டென்ட்டுகளை நியமித்தபோது இதற்கென்று எந்தப் படிப்பும் கிடையாது. 1879-ல் மிச்சிகன் பல்கலைக்கழகம் கற்பித்தல் கலைக்கென ஒரு பேராசிரியர் இருக்கையை உண்டாக்கியது. அதில் உட்கார வைத்தது ஏட்ரியன் என்ற சிற்றூரின் சூப்பரின்டெண்டென்ட்டாக இருந்த வில்லியம் பெய்னை. வேலையைச் செய்தவரே சொல்லித்தருவது என்ற வழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. ஆனால் என்ன சொல்லித்தருவது என்பதில் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள்.

ஒருவர் எலா ஃப்ளாக் யங். 1845-ல் பிறந்து, சிகாகோவில் ஆசிரியப் பயிற்சி முடித்து, பதினேழு வயதில் வகுப்பறைக்குள் போனவர். பயிற்சிப் பள்ளிக்குத் தலைமையாசிரியர், பெரிய தொடக்கப்பள்ளிக்குத் தலைமையாசிரியர், 1887-லிருந்து மாவட்ட அளவிலான துணை சூப்பரின்டெண்டென்ட் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். 1899-ல் மேலிடம் எல்லா அதிகாரத்தையும் தன் கைக்குள் இழுத்துக்கொள்ளப் பார்த்தபோது ராஜினாமா செய்துவிட்டு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஐம்பத்தைந்து வயதில் தத்துவ அறிஞர் ஜான் டூயியின் கீழ் முனைவர் பட்டம். அவருடைய ஆய்வின் சாரம் இதுதான்: திட்டம் போடுபவர் ஒரு பக்கம், வகுப்பெடுப்பவர் மறு பக்கம் என்று பிரித்துவிட்டால் ஆசிரியர் வெறும் எந்திர ஊழியராகிவிடுவார், பள்ளியும் அதோடு சுருங்கும். பாடத்திட்டம், பாடப்புத்தகம் போன்றவற்றைப் பேசித் தீர்மானிக்க ஆசிரியர் மன்றங்கள் வேண்டும் என்றார். பேராசிரியராக இருந்தார், 1905 முதல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் முதல்வராக இருந்தார், 1909-ல் சிகாகோவின் சூப்பரின்டெண்டென்ட் ஆனார். அமெரிக்கப் பெருநகரம் ஒன்றில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர். அடுத்த வருடம் தேசியக் கல்விச் சங்கத்தின் முதல் பெண் தலைவராகவும் ஆனார்.

வாரியம் அவரைச் சும்மா விடவில்லை. 1913 டிசம்பரில் மறு நியமனம் மறுக்கப்பட்டது. அந்த வருடம்தான் இலினாய் பெண்களுக்கு நகராட்சித் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்திருந்தது. பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்து கூட்டம் போட்டன. மேயர் கார்ட்டர் ஹாரிசன் கணக்குத் தெரிந்த அரசியல்வாதி. வாரியத்தில் சிலரை மாற்றினார். மாதம் முடிவதற்குள் யங் பழையபடி தன் அறைக்குத் திரும்பிவிட்டார்.

மற்றவர் எல்வுட் கபர்லி. 1896-ல் இருபத்தெட்டு வயதில் சான் டியேகோவின் சூப்பரின்டெண்டென்ட். அங்கே இரண்டு வருடம் வாரிய அரசியலில் மாட்டிக்கொண்ட அனுபவம், ஊர் அரசியலைப் பள்ளியிலிருந்து பிய்த்தெறிய வேண்டும் என்ற எண்ணத்தை அவருக்குள் ஆழமாக ஊன்றியது. 1898-ல் ஸ்டான்ஃபோர்டு கூப்பிட்டது. மூன்று வருடத்துக்குள் கல்வித் துறைக்கு மரியாதை தேடிக்கொடுக்காவிட்டால் துறையையே மூடிவிடுவோம் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட நிபந்தனை. அவர் மரியாதை தேடிக்கொடுத்தார்; 1933 வரை அங்கேயே கோலோச்சினார். 1916-ல் எழுதிய நிர்வாகப் பாடநூலில் பள்ளியைத் தொழிற்சாலையாகவும் பிள்ளைகளை அங்கே உருவாக்கப்படும் கச்சாப் பொருளாகவும் வர்ணித்தார். சூப்பரின்டெண்டென்ட் அந்தத் தொழிற்சாலையின் நிபுணர் மேலாளர். வாரியம் சின்னதாக இருக்க வேண்டும், தொழிலதிபர்களும் படித்தவர்களும் நிறைந்ததாக இருக்க வேண்டும், நிபுணர் சொன்னதைக் கேட்க வேண்டும். பாடநூல் வருமானத்தையும் முதலீட்டையும் பெருக்கி, ஸ்டான்ஃபோர்டு கல்விப் பள்ளிக்கு ஒரு கட்டடமே எழுப்பிக்கொடுக்கும் அளவுக்குச் சேர்த்துவிட்டார் மனிதர்.

பயிற்சி உலகம் யார் பின்னால் போனது என்பதில் சந்தேகமே இல்லை. யங்கின் வழியில் நடக்க ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசும் பொறுமை வேண்டும். கபர்லியின் வழி பாடமாக்க வசதியானது: பட்ஜெட், புள்ளிவிவரம், கட்டட அளவு, ஒரு மாணவருக்கு ஆகும் செலவு. தேர்வும் வைக்கலாம், பட்டமும் கொடுக்கலாம். அதோடு இன்னொரு விஷயமும் இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் கபர்லி, நியூயார்க்கின் டீச்சர்ஸ் காலேஜில் ஜார்ஜ் ஸ்ட்ரேயர் ஆகியோர் பேராசிரியர்கள் மட்டுமில்லை, வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்களும்கூட. ஒரு நகர வாரியத்துக்கு ஆள் தேவைப்பட்டால் இவர்களுக்குக் கடிதம் வரும். இவர்கள் தங்கள் மாணவரின் பெயரைச் சொல்வார்கள். பள்ளிகளை ஆய்வு செய்ய இவர்களையே கூப்பிடுவார்கள். ஆய்வறிக்கை இவர்கள் பாணி நிர்வாகத்தையே சிபாரிசு செய்யும். அந்த மாணவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளைக்கார ஆண்கள். இனி நகரப் பள்ளிகளைப் பெண்களே ஆள்வார்கள் என்று 1909-ல் யங் சொன்னது நடக்காமல் போனதில் இந்தச் சிபாரிசு வலைக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 2020-ல் சூப்பரின்டெண்டென்ட்டுகள் சங்கம் எடுத்த கணக்கெடுப்பில் பெண்கள் 26.7 சதவீதம். ஆசிரியர்களில் நான்கில் மூன்று பேர் பெண்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சமூக அறிவியல் மோகம் வந்தது. 1956-ல் கல்வி நிர்வாகம் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. அந்தக் காலத்துக் கோட்பாடுகளில் பெரும்பாலானவை இன்று யாருக்கும் நினைவில்லை. ஒரு உத்தி மட்டும் நிலைத்தது. ஜெஃபர்சன் டவுன்ஷிப் என்று ஒரு கற்பனை ஊர், அதில் விட்மன் என்று ஒரு கற்பனைப் பள்ளி. நீங்கள் புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர். மேசையில் கடிதக் கட்டு கிடக்கிறது. கோபமான பெற்றோர், விடுப்புக் கேட்கும் ஆசிரியர், மேலிடத்தின் குறிப்பு. நேரம் கொஞ்சம்தான். எதை முதலில் எடுப்பீர்கள், என்ன பதில் எழுதுவீர்கள்? இருநூறுக்கும் மேற்பட்ட நிஜத் தலைமையாசிரியர்களை உட்காரவைத்து ஆராய்ச்சிக்காகச் செய்தார்கள். பிறகு அதையே வகுப்பறைப் பயிற்சியாக்கினார்கள். இன்று கடிதக் கட்டுக்குப் பதில் மின்னஞ்சல், அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்றபடி பல்கலைக்கழகப் படிப்பு சந்தைச் சரக்காகிக்கொண்டே போனது. காரணம் ஆசிரியர் சம்பள அட்டவணைக்குள் இருக்கிறது. அமெரிக்க மாவட்டங்களில் கூடுதல் பட்டம் வாங்கினால் சம்பளப் படி ஏறும். சுலபமாகக் கிடைக்கும் பட்டம் எது? பல இடங்களில் கல்வி நிர்வாகம். நிர்வாகியாகும் எண்ணமே இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். பல்கலைக்கழகங்களுக்கு அது கறவை மாடு: மாலை நேர வகுப்பு, பகுதிநேர ஆசிரியர், கறாரில்லாத சேர்க்கை. 2005-ல் ஆர்தர் லெவீன் வெளியிட்ட அறிக்கை இந்தப் படிப்புகளைப் போதாதவை என்பதிலிருந்து படுமோசம் என்பது வரை தரம்பிரித்துக் கிழித்தது. அப்போது அவர் டீச்சர்ஸ் காலேஜின் தலைவர், அதாவது ஸ்ட்ரேயரின் வீட்டிலிருந்தே வந்த குரல். கல்வித் தலைமைக்கான முனைவர் பட்டத்தையே எடுத்துவிடலாம் என்றும் எழுதினார்.

அந்த அதிருப்தி வெளியாட்களுக்குக் கதவைத் திறந்தது. 2002-ல் கோடீஸ்வரர் ஈலை பிராடின் அறக்கட்டளை, ராணுவ அதிகாரிகளையும் கம்பெனி நிர்வாகிகளையும் சேர்த்து, வார இறுதிகளில் பயிற்சி கொடுத்து சூப்பரின்டெண்டென்ட்டுகளாக்கும் அகாடமியைத் தொடங்கியது. (2019-ல் 10 கோடி டாலர் நன்கொடையோடு அது யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனது.) நியூயார்க்கில் வழக்கறிஞர் ஜோயல் கிளைன் 2002-ல் பள்ளிகளின் தலைவரானார். மறுவருடம் அவர் ஆதரவில் தொடங்கிய தலைமைப் பயிற்சி அகாடமிக்கு ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜாக் வெல்ச் ஆலோசகர். அதில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. பயிற்சி பெறுபவர் ஒரு பள்ளி வருடம் முழுக்க அனுபவசாலியான தலைமையாசிரியரின் நிழலில் வேலை பார்ப்பார். கிளைனுக்குப் பின் 2011 ஜனவரியில் பத்திரிகை நிறுவனத்திலிருந்து வந்த கேத்தி பிளாக்கோ ஏப்ரலிலேயே விடைபெற்றார். ஆழம் தெரியாமல் காலை விட்டால் நியூயார்க் கால அவகாசம்கூடக் கொடுக்காது.

இந்தச் சண்டையை ஒரே ஊரில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் கபர்லி தொடங்கிய சான் டியேகோவுக்கே போகலாம். 1998-ல் அங்கே அரசு வழக்கறிஞராக இருந்த ஆலன் பெர்சின் சூப்பரின்டெண்டென்ட் ஆனார். கற்பித்தல் விஷயத்துக்கு நியூயார்க்கிலிருந்து ஆண்டனி அல்வராடோவை அழைத்துவந்தார். வாசிப்புக்கென்று நீண்ட பாடவேளைகள், தலைமையாசிரியர்களுக்குத் தொடர் பயிற்சி என்று தீவிரமாக இறங்கினார்கள். யோசனைகள் மோசமில்லை. ஆனால் 1999-ல் ஒரே மூச்சில் 15 நிர்வாகிகளைப் பதவியிறக்கினார்கள். ஆசிரியர் சங்கம் எதிரியானது. வாரியம் வருடக்கணக்கில் மூன்றுக்கு இரண்டு என்று பிளந்து கிடந்தது. 2004 தேர்தலில் அந்த மூன்று போனது, 2005-ல் பெர்சினும் போனார்.

அந்தக் காயத்தை ஆற்ற வாரியம் கூப்பிட்ட ஆள் கார்ல் கோன். இவர் வந்த பாதை யங்கின் பாதையை ஒத்தது. ஆசிரியராக, மாணவர் ஆலோசகராக இருந்து, லாங் பீச் நகரில் ரௌடி கும்பல்களிலிருந்து பையன்களைத் தடுக்கும் நகரக் குழுவை நடத்தி, 1992-ல் அந்த ஊர் சூப்பரின்டெண்டென்ட் ஆனவர். கடற்படைத் தளமும் விமானத் தொழிற்சாலை வேலைகளும் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1994-ல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் சீருடை கட்டாயம் என்றார். அமெரிக்கப் பெருநகர மாவட்டங்களில் அதுவே முதல் முறை. பத்து வருடம் தாக்குப்பிடித்தார். பெருநகரங்களில் மூன்று நான்கு வருடம் தாண்டுவதே அபூர்வம். அவருக்குப் பின் வந்த கிறிஸ்டஃபர் ஸ்டைன்ஹவுசர் அதே மாவட்டத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். 2020 வரை நீடித்தார். அடுத்து வந்தவரும் உள்ளேயிருந்து வளர்ந்தவரே. இருபத்தெட்டு வருடத்தில் இரண்டே பேர். அங்கே தலைமையாசிரியராகப் போகிறவர் யார் என்பது பல வருடம் முன்பே தெரிந்திருக்கும்: நல்ல ஆசிரியர், சக ஆசிரியர்களுக்கு வழிகாட்டி, துணைத் தலைமையாசிரியர் என்று மாவட்டமே வளர்த்தெடுக்கிறது. இதில் உள்ளூர் மாநிலப் பல்கலைக்கழகத்தோடும் கலந்து பேசுகிறது.

கோன் சான் டியேகோவில் 2007 வரைதான் இருந்தார். மேலிருந்து தண்டித்துத் திணிப்பதைவிடக் கீழே இருப்பவர்களை நம்பி வேலை வாங்குவதே பலன் தரும் என்று அந்த வருடமே வெளிப்படையாக எழுதினார். அப்புறம் கிளேர்மாண்ட் பட்டப்படிப்புப் பல்கலைக்கழகத்தில் நகரப் பள்ளித் தலைமைக்கான படிப்பை நடத்தினார். மாநிலக் கல்வி வாரியத்தில் உறுப்பினராகவும், தடுமாறும் மாவட்டங்களுக்கு உதவும் மாநில அமைப்பின் இயக்குநராகவும் இருந்தார்.

லாங் பீச் பாணிக்கு எண்ணிக்கையில் ஆதாரம் கிடைத்தது வேறு ஆறு மாவட்டங்களிலிருந்து. 2011 முதல் 2016 வரை வாலஸ் அறக்கட்டளை ஷார்லட், டென்வர், குவின்னெட், ஹில்ஸ்பரோ, நியூயார்க், பிரின்ஸ் ஜார்ஜஸ் ஆகிய இடங்களில் தலைமையாசிரியர் பயிற்சியைப் பல்கலைக்கழகத்தின் தலையில் மட்டும் கட்டாமல், மாவட்டமே ஆள் தேர்வு, பயிற்சி, நியமனம், முதல் சில வருட வழிகாட்டல் எல்லாவற்றையும் ஒரே கோடாக இணைக்கப் பணம் கொடுத்தது. 2019-ல் ராண்ட் ஆய்வு நிறுவனம் கணக்குப் பார்த்தது. புதுத் தலைமையாசிரியர் வந்து மூன்று வருடமான பள்ளிகள், ஒப்பிடத்தக்க மற்ற பள்ளிகளைவிட வாசிப்பில் 6.22, கணிதத்தில் 2.87 சதமானப் புள்ளிகள் முன்னே இருந்தன. செலவு வருடத்துக்கு ஒரு மாணவருக்குச் சுமார் 42 டாலர், பட்ஜெட்டில் அரை சதவீதம்கூட இல்லை. கல்விச் சீர்திருத்தத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் கிடைப்பது அரிது.

ஆனால் இவை எல்லாமே பெரிய மாவட்டங்கள். அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில் ஏறக்குறைய பாதியில் ஆயிரம் பிள்ளைகள்கூட இல்லை. அங்கே பல இடங்களில் சூப்பரின்டெண்டென்ட்டே தலைமையாசிரியர். ஓட்டுநர் வராத நாளில் பேருந்தை எடுப்பவரும் அவராகவே இருக்கலாம். ஒரு வருடம் சம்பளம் கொடுத்து ஒருவரை இன்னொருவர் நிழலில் நிறுத்திவைக்க அங்கே காசுமில்லை, நிழல் தர இன்னொருவரும் இல்லை. நியூயார்க் மாநிலம் 1948-லேயே இதற்கு ஒரு வழி பார்த்தது. அக்கம்பக்கத்துச் சிறு மாவட்டங்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டு வாரியங்களை உண்டாக்கியது. தொழிற்கல்வி, சிறப்புக் கல்வி, நிர்வாகிகள் பயிற்சி எல்லாம் அவற்றின் வழியே நடக்கின்றன. அந்தக் கூட்டு வாரியத்தின் தலைவர் மாநிலக் கல்வி ஆணையரின் பிரதிநிதியாகவும் இருப்பார். உறுப்பு மாவட்டம் ஒன்றில் இடம் காலியாகி வாரியம் புது சூப்பரின்டெண்டென்ட்டைத் தேடும்போது, விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்து நேர்காணலுக்கு ஆள் பொறுக்கிக் கொடுப்பவரும் பெரும்பாலும் அவர்தான்.